ரொட்டியில் இரண்டு திட்டுகள்

மூடிய டப்பாவுக்குள் ரொட்டித் துண்டு ஒன்று அஞ்சாறு நாள் மறந்துபோய்க் கிடந்திருக்கிறது. திறந்து பார்த்தால் ஒரு மூலையில் வெள்ளைப் பஞ்சு மாதிரி நீளநீளமாக வளர்ந்து நிற்கிறது, அதன் நுனிகளில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். எதிர் மூலையில் வெல்வெட் துணியை வெட்டி ஒட்டினாற்போல நீலப்பச்சைத் திட்டு, ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை விளிம்பு. வேறு நாளாக இருந்தால் 'பூஞ்சை பிடித்துவிட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்துக் குப்பையில் போட்டிருப்பேன். அன்றைக்கு என்னமோ பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் தேடிப் படித்ததில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் இது: அந்தப் பச்சைத் திட்டுக்கு நெருங்கிய சொந்தம், பக்கத்திலேயே வளர்கிற வெள்ளைப் பஞ்சு இல்லை, மழைக்குப் பிறகு குடை விரித்து நிற்கிறதே, அந்தக் காளான். பச்சைப் பூஞ்சையும் காளானும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்றால் வெள்ளைப் பஞ்சு எங்கோ ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னால் பிரிந்துபோன வகையறா. மனிதனின் வழியும் மீனின் வழியும் பிரிந்ததற்கு ரொம்ப முன்னாலேயே இவை ரெண்டும் பிரிந்துவிட்டன. நம் கண்ணுக்கு மட்டும் ரெண்டும் ஒன்று.

பள்ளியில் இதைப் படிக்காமல் இல்லை. நாலு வகுப்புகள் கொண்ட ஒரு அட்டவணை இருந்தது: சைகோமைசீட்ஸ், ஆஸ்கோமைசீட்ஸ், பசிடியோமைசீட்ஸ், டியூட்டிரோமைசீட்ஸ். 'ஆஸ்கோ என்றால் பை, பசிடியோ என்றால் பீடம்' என்று மந்திரம் மாதிரி உருப்போட்டு, பரீட்சையில் கொட்டிவிட்டு, வெளியே வந்ததும் மறந்தாயிற்று. பை என்றால் என்ன பை, பீடத்தின் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அந்த நாலு வகுப்பில் ஒன்று ஒழிந்தே போய்விட்டது, ஒன்று ரெண்டாக உடைந்துவிட்டது, அட்டவணையில் இல்லாத சிலர் புதிதாக வந்து சேர்ந்துவிட்டார்கள். வகுப்பு என்பதையும் இப்போது ஒரு படி உயர்த்தித் தொகுதி என்கிறார்கள். எனக்குப் பழக்கதோஷம், வகுப்பு என்றே எழுதிக்கொண்டு போவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். எங்கே வளர்கிறது, என்ன நிறம், பஞ்சா, தூளா, குடையா என்பதையெல்லாம் வைத்துப் பூஞ்சைகளைப் பிரிக்கவில்லை. வித்துகளை, அதாவது பூஞ்சை பரவுவதற்கு விடுகிற நுண்ணிய தூளை, எப்படிச் செய்கிறது, எங்கே வைக்கிறது, எப்படி வெளியே அனுப்புகிறது என்பதை வைத்துத்தான் பிரித்தார்கள். பின்னால் மரபணுவைப் படிக்கிற வசதி வந்தபோது சில இடங்களில் அந்தப் பழைய பிரிவு அப்படியே சரியாக இருந்தது, சில இடங்களில் சறுக்கிவிட்டது.

வெள்ளைப் பஞ்சிலிருந்தே தொடங்குகிறேன். ரொட்டியில் வருவது பெரும்பாலும் ரைசோபஸ் ஸ்டோலோனிஃபர். பூதக்கண்ணாடியில் பார்த்தால் புல் தரையில் ஓடுகிற கொடி மாதிரி இழைகள் ரொட்டியின் மேல் தாவித் தாவிப் போகின்றன. கால் ஊன்றுகிற இடத்தில் கீழே வேர் போன்ற கொத்து, அதே இடத்திலிருந்து மேலே ரெண்டு மூன்று காம்புகள், ஒவ்வொரு காம்பின் தலையிலும் ஒரு கறுப்பு உருண்டை. அந்த உருண்டைக்குள்தான் ஆயிரக்கணக்கில் வித்துகள். ஊசிமுனையால் தொட்டால் உடைந்து கரித்தூள் மாதிரி கொட்டும் (மூக்கை எட்ட வைத்துக்கொள்ளுங்கள், முகர்ந்து பார்க்கிற ஆசையெல்லாம் வேண்டாம்).

நுண்ணோக்கியில் போட்டால்தான் அடிப்படையான வித்தியாசம் தெரியும். இந்த இழைகளுக்குள் குறுக்குச்சுவரே கிடையாது. நாம் படித்த மாதிரி ஒரு செல், ஒரு சுவர், அடுத்த செல் என்ற கணக்கு இங்கே இல்லை. மொத்த இழையும் அறை பிரிக்காத ஒரே நீளக் கூடம், அதற்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் மிதந்து ஓடிக்கொண்டிருக்கும். சுவர் கட்டுகிற வேலை மிச்சம் என்பதாலோ என்னவோ படுவேகமாக வளர்கிறது. நேற்று இல்லாத பஞ்சு இன்று டப்பா மூடியைத் தொடுவது இதனால்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். ஆனால் வெட்டுப்பட்டால் உள்ளே இருப்பது கசியும், நடுவில் தடுக்க ஆளில்லை.

இந்தக் கூட்டத்துக்கு சைகோமைசீட்ஸ் என்று பேர் வரக் காரணம் அவற்றின் கல்யாணம். 1904-ல் பிளேக்ஸ்லி என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற இந்தப் பூஞ்சைகளில் ரெண்டு தரப்பு உண்டு என்று காட்டினார். ஆண், பெண் என்று சொல்ல உருவத்தில் எந்த வேறுபாடும் இல்லாததால் கூட்டல், கழித்தல் என்று மட்டும் பேர் வைத்தார். ஒரு கூட்டல் இழையும் ஒரு கழித்தல் இழையும் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து, முட்டி, இணைந்து, நடுவில் கரடுமுரடான தடித்த ஓட்டோடு கறுத்த வித்து ஒன்றைச் செய்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு முந்தைய தூது: ரெண்டையும் கூட்டி வைக்கிற ரசாயனத்தை எந்தத் தரப்பாலும் தனியாக முழுசாகச் செய்ய முடியாது. ஒன்று பாதி செய்து காற்றில் விடும், மற்றது அதை வாங்கி முடிக்கும்.

2016-ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து சைகோ வகுப்பை மியூக்கோரோமைகோட்டா, ஜூபாகோமைகோட்டா என்று ரெண்டாகப் பிரித்துவிட்டார்கள். முதலாவதில் நம் ரொட்டிப் பஞ்சு. சாணத்தின் மேல் வளர்ந்து, வெளிச்சம் வருகிற திசையைக் குறிபார்த்து வித்து மூட்டையை ரெண்டு மீட்டருக்கும் மேல் எறிகிற பைலோபோலஸும் அதில்தான். இரண்டாவதில் பெரும்பாலும் புழு, பூச்சி, அமீபா என்று சிறு உயிர்களைப் பிடித்துத் தின்கிறவை. ஜன்னல் கண்ணாடியில் செத்து ஒட்டிக்கொண்டு, சிறகை மேலே தூக்கி வைத்து, உடம்பைச் சுற்றி வெள்ளை மாவு தூவினாற்போல வட்டம் இருக்கிற ஈயைப் பார்த்திருக்கிறீர்களா? என்டமாஃப்தோரா என்ற பூஞ்சையின் வேலை அது. சாவதற்கு முன் ஈயை உயரமான இடத்துக்கு ஏற வைத்து, சிறகைத் தூக்க வைத்து, பிறகு வயிற்றுப் பக்கமிருந்து வித்துகளைச் சுடுகிறது.

சரி, பச்சைத் திட்டுக்கு வருவோம். பெனிசிலியம். பேருக்குப் பொருள் தூரிகை, நுண்ணோக்கியில் பார்த்தவுடனே ஏன் என்று புரியும்: நிமிர்ந்த காம்பு, அது விரல்களாகப் பிரிகிறது, ஒவ்வொரு விரல் நுனியிலிருந்தும் மணி கோத்தாற்போல வித்துச் சங்கிலி. வெள்ளைப் பஞ்சில் வித்துகள் உருண்டைக்குள் அடைந்து கிடந்தன. இங்கே உறையே இல்லை, திறந்தவெளியில் தொங்குகின்றன. லேசாக ஊதினால் போதும். அந்த வெல்வெட் பச்சை நிறமே இந்த வித்துகளின் நிறம்தான், ஓரத்து வெள்ளை விளிம்பு இன்னும் வித்து வைக்காத இளம் இழை.

இழைக்குள் குறுக்குச்சுவர் உண்டு. ஆனால் முழுச்சுவர் இல்லை, நடுவில் ஒரு துளை, அதன் வழியாகச் சரக்குப் போக்குவரத்து நடக்கும். பெனிசிலியம் மாதிரி இழையாக வளர்கிற ஆஸ்கோக்களில் அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே வொரோனின் உருண்டைகள் என்று சின்னக் குண்டுகள் காத்திருக்கும். இழை எங்காவது அறுந்தால் ஒரு குண்டு போய்த் துளையை அடைத்துக்கொள்ளும், சேதம் அந்த ஒரு அறையோடு நிற்கும். கப்பலில் தண்ணீர் புகுந்தால் கதவடைக்கிற ஏற்பாடு மாதிரி.

பெனிசிலியம் இருப்பது ஆஸ்கோமைசீட்ஸ் வகுப்பில். ஆனால் இந்தத் தூரிகையில் பை எங்கே? அதுதான் என்னைப் பள்ளியிலேயே குழப்பியிருக்க வேண்டிய கேள்வி. தூரிகை வித்துகள் கலப்பில்லாமல், தன்னைத்தானே நகலெடுத்துப் போடுபவை. பை வருவது இணை சேர்ந்த பிறகுதான். நீளமான சுரைக்காய் போலவோ குழாய் போலவோ ஒரு பை, அதற்குள் வழக்கமாக எட்டு வித்துகள். ஏன் எட்டு? ரெண்டு உட்கருக்கள் இணைந்து, குன்றல் பகுப்பில் நாலாகி, அப்புறம் ஒருமுறை சாதாரணமாகப் பிரிந்து எட்டாகிறது. ஈஸ்ட் அந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் நாலோடு நிறுத்திக்கொள்ளும்.

நியூரோஸ்போரா என்ற ஆரஞ்சு நிற ரொட்டிப் பூஞ்சையில் அந்தப் பை ரொம்ப ஒடுங்கியது, எட்டு வித்தும் வரிசையாக நிற்கத்தான் இடம் இருக்கும், ஒன்றையொன்று தாண்ட முடியாது. அதனால் எந்தப் பகுப்பில் எந்தக் குணம் பிரிந்தது என்பதை வரிசையைப் பார்த்தே படித்துவிடலாம், முதல் நாலு கறுப்பு, அடுத்த நாலு வெளுப்பு என்கிற மாதிரி. இந்தப் பூஞ்சையை வைத்துத்தான் பீடிலும் டேட்டமும் 1941-ல் மரபணுவுக்கும் நொதிக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள், 1958-ல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பை என்றால் சும்மா பொதி இல்லை, அது ஒரு துப்பாக்கி. உள்ளே தண்ணீர் ஏறி அழுத்தம் கூடிக் கூடி, நுனி திறந்து, வித்துகள் பீச்சியடிக்கும். பட்டுப்போன மரத்தில் கிண்ணம் கிண்ணமாக வளர்கிற பூஞ்சைகள் உண்டு, கிண்ணத்தின் உட்புறம் முழுக்க இந்தப் பைகள் நெருக்கியடித்து நிற்கும். முற்றின கிண்ணத்தை எடுத்து அதன் மேல் மெல்ல மூச்சு விட்டேன் ஒருமுறை. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு கிண்ணத்திலிருந்து புகை எழும்பியது, கூடவே காதைப் பக்கத்தில் வைத்தால் மட்டும் கேட்கிற ஒரு 'உஸ்'. ஆயிரக்கணக்கான பைகள் ஒரே சமயத்தில் வெடித்த சத்தம். நான் பயந்துபோய்க் கையை உதறிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை பேர் வைத்த பூஞ்சைகளில் பெரும்பகுதி இந்த வகுப்புதான். பெனிசிலின் தந்தது, மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட், வாயில் வெண்படலம் போடுகிற கேண்டிடா, தோலில் படர்தாமரை உண்டாக்குவது, எறும்பின் தலையைத் துளைத்து வெளியே முளைப்பது, பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிற லைக்கன்களில் அநேகமாக எல்லாம், எல்லாமே ஆஸ்கோ. காளான் என்று சொல்லி விற்கிற மோரலும் மண்ணுக்கடியில் விளைகிற டிரஃபிளும்கூட ஆஸ்கோதான். உருவத்தைப் பார்த்து எடை போட்டால் ஏமாந்துதான் போவோம்.

ஈஸ்ட் என்பதும் ஒரு வகுப்பு இல்லை, ஒரு வாழ்க்கை முறை. இழையாக நீளாமல் தனிச் செல்லாக இருந்து மொட்டு விட்டுப் பெருகுகிற எதையும் ஈஸ்ட் என்கிறோம். மாவு ஈஸ்ட் ஆஸ்கோ. தலையில் பொடுகுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிற மலசீசியாவும் ஈஸ்ட்தான், ஆனால் அது பசிடியோ, அதாவது காளானின் கட்சி.

காளானுக்கே வந்துவிட்டோம். பசிடியோமைசீட்ஸில் வித்து பைக்குள் இல்லை, வெளியே. காளான் குடைக்கு அடியில் புத்தகத் தாள் மாதிரி மடிப்புகள் இருக்கும் அல்லவா, அந்த மடிப்பின் இருபக்கமும் குட்டிக் கதாயுதம் போன்ற செல்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் நாலு கொம்பு, கொம்புக்கு ஒரு வித்து. பள்ளியில் உருப்போட்ட பீடம் இதுதான்.

வித்தை அனுப்புகிற விதம் இன்னும் விசேஷம். இங்கே துப்பாக்கி இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர். வித்தின் அடியில், கொம்போடு சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், அது கசியவிடுகிற சர்க்கரைச் சத்து காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து மெல்ல ஒரு துளியாகத் திரளும். அதே சமயம் வித்தின் உடம்பிலும் ஈரப் படலம் ஒன்று பரவும். துளி பெருத்துப் படலத்தைத் தொட்டதும் ரெண்டும் சட்டென்று ஒன்றாகிவிடும், அந்த உதறலில் வித்து கொம்பிலிருந்து தெறிக்கும். தெறிப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு மேல் போனால் எதிர் மடிப்பில் மோதி ஒட்டிக்கொள்ளுமே! இடைவெளியின் நடு வரைக்கும் போய், அங்கே காற்றின் தடையில் நின்று, பிறகு செங்குத்தாகக் கீழே விழுந்து, குடைக்கு வெளியே வந்து காற்றைப் பிடித்துக்கொள்கிறது. கனடாவில் வேலை பார்த்த புல்லர் என்பவர் இந்தத் துளியை வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்ததால் அதற்குப் புல்லர் துளி என்றே பேர்.

நுண்ணோக்கி இல்லாமல் இதைப் பார்க்க வழியுண்டு. முற்றின காளானின் தண்டை வெட்டிவிட்டு, குடையை மட்டும் பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தால் தாளில் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி மடிப்புகளின் அச்சு அப்படியே விழுந்திருக்கும். நான் செய்தது அடர்ந்த காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. சில இனங்களுக்கு வெள்ளை, சிலவற்றுக்கு இளஞ்சிவப்பு. ராத்திரி முழுக்க வித்துகள் நேர்கோட்டில் மழையாகப் பெய்திருக்கின்றன என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி. (வித்து நிறம் தெரிந்துவிட்டது என்று காட்டுக் காளானைச் சமைக்கப் போய்விடாதீர்கள். உண்ணத் தகுந்ததும் ஆளைக் கொல்வதும் ஒரே வகுப்பில், சில சமயம் ஒரே பேரினத்தில் இருக்கின்றன.)

ஆஸ்கோவுக்கும் பசிடியோவுக்கும் பொதுவான ஒரு பழக்கம்தான் ரெண்டையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஆக்குகிறது. இணை சேரும்போது ரெண்டு இழையும் கலந்துவிடும், ஆனால் உட்கருக்கள் உடனே கலக்காது. ஒரே அறையில் ஜோடியாக, தனித்தனியாக இருக்கும். ஆஸ்கோவில் இந்தத் தனிக்குடித்தனம் கொஞ்ச காலம், பையைச் செய்கிற பகுதியில் மட்டும். பசிடியோவில் இது ஆயுசு முழுக்க. மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் பரவுகிற இழை பெரும்பாலும் இப்படி ஜோடி உட்கருவோடுதான் வளர்கிறது, ஒவ்வொரு புது அறையிலும் ரெண்டும் சரியாக ஒவ்வொன்று போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சுவருக்குப் பக்கத்தில் வெளிப்புறமாகக் கொக்கி மாதிரி ஒரு சின்னப் புறவழி கட்டிக்கொள்கிறது. அந்தக் கொக்கியைப் பார்த்துவிட்டால் இழை பசிடியோ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கொக்கி இல்லையென்றால் ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாமே கட்டுவதில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆர்மில்லேரியா என்ற காளான் பூஞ்சை ஒன்று சுமார் 965 ஹெக்டேர் காட்டுக்கடியில் பரவி இருக்கிறது, எல்லாம் ஒரே உயிர், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வயது என்று கணிக்கிறார்கள். இந்த ஆர்மில்லேரியா ஒரு விதிவிலக்கு, அதில் உட்கருக்கள் முன்பே கலந்துவிடும். மற்ற பசிடியோக்களில் பெரும்பாலும் எத்தனை காலம் ஆனாலும் உட்கருக்கள் கலந்துகொள்வது கடைசியில் காளானின் மடிப்பில், அந்தக் கதாயுதச் செல்லில் மட்டும். பைக்குப் பதில் பீடம் என்ற வித்தியாசத்தைவிட இதுதான் பெரிய வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது. எந்த அட்டவணையும் இதை முதல் வரியில் போடுவதில்லை.

குடையே இல்லாத பசிடியோக்களும் உண்டு. கோதுமையில் துரு நோய் உண்டாக்குகிற பக்சினியா அப்படித்தான். அதற்கு அஞ்சு விதமான வித்துகள், ரெண்டு வீடு: ஒன்று கோதுமை, இன்னொன்று பார்பெர்ரி என்ற புதர்ச்செடி. 1865-ல் டி பாரி என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இதை நிரூபித்தார். ஒரு வீட்டை இடித்தால் சுற்று அறுந்துவிடும் என்று 1918-லிருந்து அமெரிக்காவில் பார்பெர்ரியைத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள்.

டியூட்டிரோமைசீட்ஸ் கதைக்கு ஒரே பத்தி போதும். இணை சேர்வதை யாரும் பார்க்காத பூஞ்சைகளை என்ன செய்வது? பையும் தெரியாது, பீடமும் தெரியாது. அதனால் முகவரி தெரியாத கடிதங்களைப் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி ஒரு வகுப்பு வைத்தார்கள். பின்னால் ஏதாவது ஒன்றுக்குப் பை கண்டுபிடித்தால் அதற்கு இன்னொரு பேர் வைப்பார்கள், பழைய பேரும் இருக்கும். ஒரே பூஞ்சை, ரெண்டு பேர். 2011-ல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு ஒரு பூஞ்சைக்கு ஒரு பேர் போதும் என்று முடிவு செய்தது, 2013 ஜனவரி 1 முதல் அதுதான் விதி. இப்போது மரபணுவை வைத்தே ஆளை அடையாளம் காணலாம் என்பதால் பெட்டிக்கே வேலை இல்லை. பிரம்மச்சாரி என்று பேர் எடுத்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் இணை சேர்வதை 2009-ல் ஆய்வகத்தில் பார்த்துவிட்டார்கள்.

என் அட்டவணையில் இல்லாத ரெண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒன்று கைட்ரிட். மற்ற வகுப்புகள் காற்றை நம்பி இருக்கும்போது இது தண்ணீரில் நீந்துகிறது. வித்துக்குப் பின்னால் ஒற்றை வால், அது பின்னாலிருந்து தள்ளும். மனிதனின் விந்தணுவும் அதே ஏற்பாடுதான், தற்செயல் இல்லை, பூஞ்சைகளும் விலங்குகளும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்பதற்கு அந்த வால் ஒரு தடயம். நிலத்துக்கு ஏறிய மற்ற வகுப்புகள் வாலைத் தொலைத்துவிட்டன. கைட்ரிட்களில் ஒன்று தவளைகளின் தோலில் புகுந்து உப்புச் சமநிலையைக் கெடுத்து இதயத்தை நிறுத்துகிறது. குறைந்தது 501 நீர்நில வாழ்விகள் இனங்கள் இதனால் குறைந்திருக்கின்றன, அதில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்று 2019-ல் கணக்கிட்டார்கள்.

இரண்டாவது குளோமஸ் கூட்டம். மண்ணுக்கடியில் வேரின் செல்லுக்குள்ளே போய், குட்டி மரம் மாதிரி கிளை விட்டு, பாஸ்பரஸைக் கொடுத்துச் சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. நிலத் தாவரங்களில் பெரும்பாலானவை இதோடு கூட்டு. ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் சுமார் 40 கோடி ஆண்டு பழைய செடிகளின் செல்லுக்குள் இதே குட்டி மரம் கல்லாகி இருக்கிறது. இதைத் தனித் தொகுதி என்பாரும் உண்டு, ரொட்டிப் பஞ்சின் தொகுதிக்குள்ளே அடக்குவாரும் உண்டு.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு என் வெள்ளரிக் கொடியின் கதை. இலையின் மேல்பக்கம் மாவு தூவினாற்போல சாம்பல் நோய். பூஞ்சைக்கொல்லி ஒன்றை, ட்ரையசோல் வகை, கலந்து அடித்தேன், கேட்டது. அப்புறம் ஈரமான ஒரு வாரத்தில் இலையில் நரம்புகளுக்கு நடுவே கோணல்மாணலான மஞ்சள் கட்டங்கள், திருப்பிப் பார்த்தால் அடியில் ஊதா கலந்த சாம்பல் பூச்சு. அடிச்சாம்பல் நோய். பேரிலேயே சாம்பல் இருக்கிறதே என்று அதே மருந்தை அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அளவைக் கூட்டி அடித்தேன். கொடி போய்ச் சேர்ந்தது.

முதலாவது ஆஸ்கோ. இரண்டாவது பூஞ்சையே இல்லை, ஊமைசீட், பழுப்புப் பாசிகளின் உறவு. இழை விடும், வித்து வைக்கும், நடை உடை பாவனை எல்லாம் பூஞ்சை மாதிரி, ஆனால் செல்சுவரில் முக்கியமாக இருப்பது பூஞ்சைச் சுவரில் இருக்கிற கைட்டின் இல்லை, செல்லுலோஸ். ட்ரையசோல் வேலை செய்வது பூஞ்சைகள் தங்கள் செல் சவ்வுக்காக எர்கோஸ்டெரால் தயாரிப்பதைத் தடுத்து. இந்த ஆசாமி அதைத் தயாரிப்பதே இல்லை. இல்லாத கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இந்தக் கூட்டம்தான்.

செடியில் நடப்பது உடம்பிலும் நடக்கும், அங்கே விலை பெரிது. நுரையீரலிலோ மூக்கெலும்பிலோ பூஞ்சை என்று சந்தேகம் வந்தால் துளி சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஒடுங்கிய இழை, நடுவே குறுக்குச்சுவர்கள், குறுங்கோணத்தில் பிரிகிற கிளை என்றால் ஆஸ்பர்ஜில்லஸாக இருக்கலாம், அதாவது பச்சைத் திட்டின் வகுப்பு. அகலமாக, சுவர் இல்லாததால் கசங்கிய ரிப்பன் மாதிரி மடங்கிக்கொண்டு, செங்கோணத்தில் பிரிந்தால் மியூக்கோர் கூட்டம், வெள்ளைப் பஞ்சின் வகுப்பு. முதலாவதுக்குக் கொடுக்கிற வோரிகோனசோலை இரண்டாவதுக்கு நம்ப முடியாது, ஆம்ஃபோடெரிசின் வேண்டும், அதுவும் உடனே. 2021-ல் கோவிட் அலையின்போது கரும்பூஞ்சை என்று எல்லார் வாயிலும் அடிபட்டது இந்த இரண்டாவதுதான். பூஞ்சை கறுப்பு இல்லை, அது ரத்தக்குழாயை அடைப்பதால் செத்துப்போகிற சதைதான் கறுப்பு. நிஜமாகவே கறுத்த பூஞ்சைகள் வேறு இருக்கின்றன, அவை பெரும்பாலும் ஆஸ்கோ. பேர் வைத்தவர் நிறத்தைப் பார்த்தார், இழையைப் பார்க்கவில்லை.

ரொட்டித் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன், அதற்குள் வெள்ளைப் பஞ்சு பச்சைத் திட்டின் மேலேயே ஏறி ஓட ஆரம்பித்திருந்தது. பூதக்கண்ணாடியைக் கழுவ எடுத்தபோது விளிம்பில் விரல் பட்ட இடத்தில் ஒரு பச்சைத் தீற்றல். ஒட்டுநாடாவில் அதை ஒற்றி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். மணிகள், அறுந்துபோன சரம் மாதிரி ஏழெட்டு ஒரு வரிசையில், மீதியெல்லாம் சிதறி.